வைத்தியர் குடித்த மூன்றாவது கிண்ணம்

கிட்ட வந்து உட்காருங்க. சிரிப்பு வந்தா அடக்க வேண்டாம்.

ஒரு ஜமீன்தார் மகளுக்கு அடுத்த மாசம் கல்யாணம். சின்ன நாச்சியார் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். அவளை இளைக்க வைக்க ரங்கூன் வைத்தியர் ஒருவர் வந்தார். அவர் தொந்தி அவருக்கு முன்னால் நடந்து வந்தது.

"இந்த உருண்டைக்குள்ளே நாடாப்புழு முட்டை இருக்கு. பொண்ணு தின்கிறதையெல்லாம் புழு தின்னுடும். கல்யாணத்தன்னிக்கு நான் ஒரு மந்திரம் சொன்னா, சமர்த்தா வெளியே வந்துடும்" என்றார்.

ஜமீன்தார் உருண்டையைச் சமையற்காரி மூக்காயியிடம் நீட்டினார். "மத்தியானம் சோத்துல பிசைஞ்சு கொடு. மாட்டேன்னா மூட்டையைக் கட்டு."

தூக்கி வளர்த்த பிள்ளைக்குப் புழுவா? என்று கேட்டது மூக்காயியின் மனசு. வாய் மட்டும், "உத்தரவு எசமான்" என்றது.

பந்தியில் வைத்தியர் மூன்றாவது கிண்ணம் பாயசத்தையும் வழித்துக் குடித்ததும், மூக்காயி கும்பிட்டாள்.

"சாமி, உருண்டையை உங்க பாயசத்துல கரைச்சுட்டேன். மந்திரத்தைச் சொல்லி எசமானுக்குக் காட்டுங்க."

"அடிப்பாவி, கொன்னுட்டியே! அது உள்ளே போனா ஆளையே உருக்கிடுமே! மந்திரமாவது மண்ணாவது!" தொண்டையில் விரலை விட்டபடி கொல்லைக்கு ஓடினார் வைத்தியர்.

ஜமீன்தார் முகம் வெளுத்து மகளைப் பார்த்தார். "யாரங்கே, இவனை ஊர் எல்லைக்கு விரட்டுங்க!"

மூக்காயி அடுப்படிக்குப் போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, முழுசாக இருந்த உருண்டையை நெருப்பில் போட்டாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, சின்ன நாச்சியாருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.