நடுப்பாறைக்குப் போன காவல் படை

பெரிய ஏரி ஒன்றின் வடகரையில் நீர்க்காகங்கள் கூடு கட்டி வாழ்ந்தன. தென்கரையில் நீர்நாய்கள். நடு ஏரி யாருக்கு? அதுதான் தீராத வம்பு! மீன் கொட்டிக் கிடந்ததும் அங்கேதான்.

மூக்காயி என்றொரு நீர்க்காகம். எதையும் ஏன், எதற்கு என்று கேட்காவிட்டால் அவளுக்குத் தலையே வெடித்துவிடும். நீர்க்காகங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. முங்கி எழுந்தால் சிறகு ஊறிப்போகும். எங்காவது உட்கார்ந்து காயவைத்தால்தான் பறக்க முடியும். நடு ஏரியில் அதற்கு ஒரே ஒரு பாறைதான். அதில் உட்கார்ந்தால் நீர்நாய்கள் கடிக்க வந்தன. மூக்காயியின் குஞ்சுகள் இரண்டு நாளாகப் பட்டினி.

"ராஜா, எங்களைக் காப்பாத்துங்க!" என்று பறவைகள் வடகரை அரசரான யானையிடம் அழுதன.

யானையார் சபையைக் கூட்டினார். கரடி பேசியது, மான் பேசியது, முயல்கூடப் பேசியது. எல்லாம் தண்ணீர் குடிக்க மட்டும் ஏரிக்கு வருகிற ஆட்கள்! கடைசியில் முடிவாயிற்று.

"மீன் பிடிக்கப் போகும் பறவைகளுக்கு முன்னால் முதலைப் படை போகும்! பறவைகளை அது தொடக் கூடாது!"

மறுநாள் பன்னிரண்டு முதலைகள் தண்ணீரை அடித்துக்கொண்டு போன ஜோரை என்னவென்று சொல்ல! மீனெல்லாம் ஓட்டம் பிடித்தது. பிறகு பன்னிரண்டும் பாறையில் ஏறி, வாயைப் பிளந்துகொண்டு வெயில் காய்ந்தன.

"அண்ணே, கொஞ்சம் நகருங்க! சிறகு காயணும்!" என்றாள் மூக்காயி.

"காவல் இருக்கோம், தெரியலையா?" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது படைத்தலைவன் முதலை.

ஊறிய சிறகோடு மூக்காயி தத்தளித்தாள். அலை அவளைத் தென்கரையில் கொண்டுபோய்த் தள்ளியது. எதிரே சடையன் என்ற நீர்நாய்! அவளுக்குப் பயம்தான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கடிக்கிறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. ஏன் எங்களைத் துரத்துறீங்க?"

சடையன் திகைத்துப்போனது. "சாயங்காலத்துல எங்க குட்டிங்க அந்தப் பாறையிலதான் நீச்சல் பழகுதுங்க. நீங்க தொப்பு தொப்புன்னு விழுந்தா மிரளாதா? இப்ப முதலை வேற! குட்டிங்க வளையை விட்டே வரலை!"

"அட, சாயங்காலம்தானா? நாங்க காலையில வந்துட்டுப் போயிடுறோமே!"

சடையன் கொஞ்சம் யோசித்தது. "சரி, காலையில பாறை உங்களுக்கு, சாயங்காலம் எங்களுக்கு. முதல்ல சிறகைக் காயவை" என்றது.

சிறகு காய்ந்ததும் மூக்காயி நேரே யானையாரிடம் பறந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அப்படியானால் காவலே வேண்டாமா?" என்றார் யானையார்.

"வேணும் ராஜா! கூப்பிட்டா கேக்குற தூரத்துல நம்ம கரையில நிக்கட்டும். பாறையை மட்டும் விட்டுடச் சொல்லுங்க!"

யானையாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. முதலைகளை உடனே திருப்பி அழைத்தார். மறுநாள் காலையில் மூக்காயியின் குஞ்சுகள் வயிறு முட்டத் தின்றன.

"இனி ஏரி விவகாரம் எதுவானாலும், ஈரச் சிறகோடு வருகிறவர்தான் சபையில் முதலில் பேச வேண்டும்!" என்று யானையார் உத்தரவு போட்டார்.

காக்கப் புறப்படும் முன், காக்கப்பட வேண்டியவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டு முடிவெடுப்பதே நல்ல அரசுக்கு அழகு.