காத்தாயி வாயில பறி

கடல்னும் சொல்ல முடியாது, கரைன்னும் சொல்ல முடியாது, அப்படி ஒரு சேத்துக்காட்டு ஓரமா ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருல காத்தாயி காத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். ஏய், கதை கேக்கணும்னா கை இறாலை உரிச்சுக்கிட்டே இருக்கணும், இப்பவே சொல்லிட்டேன். கை நின்னா கதையும் நின்னுரும்.

காத்தாயிக்குப் புருசன் இல்லை, ரெண்டு பொட்டப்புள்ளைங்க மட்டும். வலை கிடையாது, தோணி கிடையாது, இருக்குறது ரெண்டு கை. முழங்கால் தண்ணியில இறங்கி, குந்துனாப்புல நகந்து நகந்து, சேத்தைக் கையால தடவி இறால் பிடிப்பா. பிடிச்சதை எதுல போடுறது? பனையோலையில முடைஞ்ச பை ஒண்ணு, பறின்னு பேரு. அதோட கயித்தைப் பல்லுல கடிச்சுக்கிட்டா பறி கழுத்துக்குக் கீழ தொங்கும், ரெண்டு கையும் தடவுறதுக்கு ஆகும். வாயைத் திறந்தியோ, பறி தண்ணியில விழுந்து இறால் அத்தனையும் துள்ளி ஓடிப் போயிரும். அதனால தண்ணியில நிக்குற வரைக்கும் அந்த ஊருப் பொம்பளைங்க ஒரு வார்த்தை பேச மாட்டாளுவ. கரையேறுனப்புறம் பேசுவாளுவ பாரு, அப்பப்பா, காது ரெண்டும் போயிரும்.

அந்தச் சேத்தைச் சுத்தி அலையாத்திக் காடு. கடல் கோவமா வந்தாலும் அந்த மரம் அதை ஆத்தித்தான் உள்ள விடும். இறால் குஞ்சு, நண்டுக் குஞ்சு, மடவைக் குஞ்சு எல்லாம் அந்த வேருக்குள்ளதான் ஒளிஞ்சு வளரும். தண்ணி ஒரு நாளைக்கு ரெண்டு தரம் ஏறும், ரெண்டு தரம் இறங்கும். ஏறுனா ஏத்தம், இறங்குனா வத்தம். ஏத்தத்துல வந்து பாத்தவன் கடல்னு சொல்லுவான், வத்தத்துல வந்து பாத்தவன் தரைன்னு சொல்லுவான்.

அந்தச் சீமைக்கு ஒரு ராசா இருந்தாரு. நல்ல ராசாதான், ஆனா பல்லக்கை விட்டுக் கால் கீழ வைக்காத ராசா. ஒரு நாள் மந்திரியைக் கூப்பிட்டாரு. மந்திரி பேரு திருமேனி.

"வேய் மந்திரி, கரையோரம் பூரா ஒரே சண்டையா இருக்கு. உப்பளக்காரன் தோணிக்காரனை அடிக்கிறான், தோணிக்காரன் வலைக்காரனை அடிக்கிறான். எந்த எடம் யாருக்குன்னு அளந்து ஓலையில எழுதிட்டு வாரும்."

"சரி ராசா. ஆளில்லாத எடம் இருந்தா என்ன செய்யிறது?"

"மூணு தரம் கேளும். மூணு தரமும் எனக்குன்னு ஒருத்தரும் சொல்லலைன்னா நீரே எடுத்துக்கும்."

யோசனை என்னமோ நல்ல யோசனைதான். அனுப்புன ஆளுதான் சரியில்லை.

மந்திரி பங்குனி அமாவாசைக்குப் போனான். வருசத்துலயே தண்ணி ரொம்ப உள்வாங்குற நாளு. சேறெல்லாம் காஞ்சு மைதானமாட்டம் கிடக்கு, காத்து சிலுசிலுன்னு அடிக்குது. அவனுக்கு நாக்குல எச்சி ஊறிருச்சு. "அடடா, மாளிகை கட்டுனா இங்கல்லவா கட்டணும்"ன்னான். அப்புறம் பாத்தா, தூரத்துல கொஞ்சம் தண்ணி, அதுல நாப்பது பொம்பளைங்க. கிட்டத்துல இருந்தவ நம்ம காத்தாயி, வாயில பறி.

மந்திரி கேட்டான், "ஏ பொம்பள, இந்த எடம் யாரோடது?"

"ம்ம்ம்"ன்னா காத்தாயி. இருங்க, கரைக்கு வாரேன்னு கையைக் காட்டுனா.

மறுபடி கேட்டான், "இந்த எடம் யாரோடது?"

"ம்ம்ம்"ன்னா. சேத்துல காலை இழுத்து இழுத்து வேகமா வாரா.

மூணாந்தரம் கேட்டான், "இந்த எடம் யாரோடது?"

"ம்ம்ம்! ம்ம்ம்!"ன்னு நெஞ்சுல தட்டித் தட்டிக் காட்டுனா.

மந்திரி, ஓலை எழுதக் கூட வந்த கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பி, "என்னவே, வாயால ஏதாச்சும் சொன்னாளா?"ன்னான். "இல்லீங்க"ன்னாரு அவரு. "அப்ப எழுதும்"ன்னுட்டான் மந்திரி. திருட்டுப்பய, அவ நெஞ்சுல தட்டுனதை அவன் கண்ணு பாக்கலையா என்ன? பாத்துச்சு. நல்லாவே பாத்துச்சு.

காத்தாயி கரையேறிப் பறியை இறக்கி வச்சு, "சாமி, இது நாங்க பொழைக்கிற எடம் சாமி"ங்குறா, அங்க குதிரை போன புழுதிதான் நிக்குது. அன்னைக்குப் பறி நிறைய இறால், வீட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு இறங்கலை அவளுக்கு. "பாழாப்போன பறியைத் தூக்கி வீசிட்டுச் சொல்லியிருக்கணும்டி நான்"னு புள்ளைங்களைக் கட்டிப்பிடிச்சு அழுதா.

அப்புறம் என்ன, அந்த ஓலையில ராசா முத்திரை விழுந்துச்சு, கோடாலி வந்துச்சு. அலையாத்தியை வெட்டிச் சாய்ச்சாங்க, வேரைப் பிடுங்குனாங்க, மண்ணைக் கொட்டுனாங்க. சேத்துல கால் வச்ச பொம்பளைங்களைக் காவக்காரன் கம்பை வச்சு விரட்டுனான். காத்தாயி நாலு கல் தொலை நடந்து வேற சேத்துக்குப் போனா, அங்க கால் பறி கூட நிறையலை. புள்ளைங்க ரெண்டும் கஞ்சித்தண்ணியைக் குடிச்சிட்டு, "இன்னைக்கும் இறால் இல்லியாம்மா"ன்னு கேட்டுதுங்க. கேட்டா அவளுக்கு எப்படி இருக்கும்?

அரண்மனைக்குப் போயிருவோம்னு கிளம்பிட்டா. மொத நாள் போனா, "சேறும் சகதியுமா வந்து நிக்கிறியே, போ போ"ன்னான் வாசக்காரன். ரெண்டாம் நாள் கால் கையெல்லாம் கழுவிட்டுப் போனா, "மீன் நாத்தம் குடலைப் புரட்டுது, போ போ"ன்னான். மூணாம் நாள் மஞ்சத் தேச்சுக் குளிச்சு, நாப்பது பொம்பளைங்களும் பிடிச்சதைச் சேத்துப் பறி நிறைய இறாலும் எடுத்துட்டுப் போயி, "ராசா சமையலுக்கு"ன்னா. கதவு தொறந்துருச்சு. சமையலுக்குன்னா எந்தக் கதவும் தொறக்கும்டா, தெரிஞ்சுக்க.

காத்தாயி நடந்ததெல்லாம் சொன்னா. ராசா கேட்டாரு, "மந்திரி மூணு தரம் கேட்டாரா?"

"கேட்டாரு சாமி."

"நீ சொன்னியா?"

"எப்படிச் சொல்லுவேன் சாமி, வாயில பறி."

"பறியை இறக்கி வச்சிட்டுச் சொல்ல வேண்டியதுதானே?"

"சாமி, நீங்க தெனமும் ருசியா சாப்பிடுற இறாலு, நாங்க வாயைத் திறக்காம இருந்து பிடிச்ச இறாலு. வாயைத் திறந்திருந்தா உங்க தட்டுல இறால் ஏது?"

"நியாயந்தான்"னாரு ராசா. "ஆனாலும் அம்மா, நான் வச்ச முத்திரையை நானே அழிச்சா நாளைக்கு எவன் மதிப்பான்?"ன்னாரு.

"நீங்க ஒண்ணும் அழிக்க வேணாம். ஐப்பசி அமாவாசைக்கு மந்திரியார் புது மாளிகையில பால் காய்ச்சுறாராம். சாமி விருந்து சாப்பிட்ட கையோட பல்லக்கு ஏறிராம, பொழுது சாயுற வரைக்கும் இருந்து பாக்கணும். அவரு வத்தத்தை மட்டும் பாத்து அளந்தாரு, நீங்க ஏத்தத்தையும் பாத்துருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சாமி."

ஐப்பசி அமாவாசை வந்துச்சு, வருசத்துலயே பெரிய ஏத்தம் வர்ற நாளு. மந்திரி கொட்டுன மண்ணு மத்த நாள் ஏத்தத்துக்குத்தான் தாங்கும். வாடைக்காத்து, ஊமை மழை. காலையில வத்தம், மேளம் கொட்டிப் பால் காய்ச்சி, இலை போட்டு விருந்து வச்சாங்க. ராசா சாப்பிட்டாரு, கை கழுவுனாரு, கிளம்புவாருன்னு பாத்தா திண்டுல சாஞ்சு உக்காந்துட்டாரு.

தண்ணி ஏற ஆரம்பிச்சுது. மொதல்ல கணுக்கால் வரைக்கும் வந்துச்சு. "என்ன மந்திரி, கால் நனையுது?"ன்னாரு ராசா. "சமையக்காரன் அண்டாவைக் கவுத்துட்டான் ராசா"ன்னான். அப்புறம் முழங்கால் வரைக்கும் வந்துச்சு. "என்ன மந்திரி, வேட்டி நனையுது?" "மழைத்தண்ணி ராசா, இப்ப வடிஞ்சிரும்." அப்புறம் இடுப்பு வரைக்கும் வந்துச்சு. திண்டு மெதக்குது, இலை மெதக்குது, பாயசச் சட்டி மெதக்குது. "என்ன மந்திரி?"ன்னாரு ராசா. மந்திரி பாயசச் சட்டியை எட்டிப் பிடிக்கப் போனான்.

அலையாத்தி நின்னிருந்தா தண்ணி ஆறி அடங்கி வந்திருக்கும். அதைத்தான் வெட்டிட்டானே படுபாவி. அலை நேரா வந்து அடிச்சதுல கூடத்துச் சுவரு ஒண்ணு தொப்புன்னு சரிஞ்சிருச்சு. அந்த ஓட்டை வழியா ஒரு தோணி உள்ள வருது. தள்ளிக்கிட்டு வாரது யாரு? காத்தாயி! இரவல் தோணி. பின்னாலயே இன்னும் நாலு தோணியில மத்த பொம்பளைங்க. ராசாவை ஏத்துனாளுவ, கணக்கப்பிள்ளையை ஏத்துனாளுவ, விருந்தாளுங்க அத்தனை பேரையும் ஏத்துனாளுவ.

"மந்திரியாரே, நீங்களும் ஏறுங்க"ன்னா காத்தாயி.

"இது என் எடம், நான் வர மாட்டேன்"னான். முத்திரை ஓலையை எடுத்துக்கிட்டு நெல்லுக் குதிர் மேல ஏறுனான். குதிர் ஆடுது. ரெண்டு கையாலயும் உத்தரத்தைப் பிடிச்சுத் தொங்குனான். ஓலையை எங்க வைக்க? பல்லுல கடிச்சுக்கிட்டான். வாயைத் திறந்தா ஓலை போச்சு, ஓலை போனா எடம் போச்சு.

காத்தாயி பாத்தா. நல்லா ஒரு தரம் அவன் வாயைப் பாத்தா. ராசா பக்கம் திரும்பி, "சாமி, நானும் கேக்கலாமா?"ன்னா.

"கேளு."

"மந்திரியாரே, இந்த எடம் யாரோடது?"

"ம்ம்ம்."

"இந்த எடம் யாரோடது?"

"ம்ம்ம்!"

"மூணாந்தரம் கேக்குறேன். இந்த எடம் யாரோடது?"

"ம்ம்ம்! ம்ம்ம்!"

ராசாவுக்கு வந்த சிரிப்புல தோணியே ஆடிருச்சு. "கணக்கப்பிள்ளை, வாயால ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்லீங்க ராசா."

"அப்ப எழுதும், அந்தப் பொம்பளைங்களுக்கு."

"ஐயோ, என்னோடது!"ன்னு கத்துனான் மந்திரி. ஓலை தண்ணியில விழுந்து, ஓட்டை வழியா ஓடியே போயிருச்சு. கையும் நழுவி அவனும் விழுந்தான். காத்தாயிதான் முடியைப் பிடிச்சுத் தோணிக்குள்ள இழுத்துப் போட்டா. "பல்லுல கடிச்சது போனா எப்படி இருக்குன்னு இப்பத் தெரியுதா சாமி?"ன்னு கேட்டா. 

அதுக்கப்புறம் ராசா பல்லக்கை விட்டு எறங்குனாரு. ஐப்பசியில இருந்து மறு ஐப்பசி வரைக்கும் எல்லா ஏத்தத்தையும் எல்லா வத்தத்தையும் சேத்துல நின்னு பாத்தாரு. தோணி எந்த வழி போகும், உப்பு எங்க விளையும், குஞ்சு பெருகுற மாசம் எது, அப்ப யாரும் எந்தப் பக்கம் எறங்கக் கூடாது, எல்லாத்தையும் அங்கங்க பொழைக்கிறவங்களைக் கேட்டுத்தான் எழுதுனாரு. பொம்பளைங்க கரையேறிப் பறியை இறக்கி வைக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு நின்னுதான் கேட்டாரு. அவளுவ பேசுன பேச்சுல மூணு கணக்கப்பிள்ளைக்குக் கை வீங்கிப் போச்சாம்.

மந்திரிக்கு என்ன தண்டனைங்குறியா? வெட்டுன ஒவ்வொரு மரத்துக்கும் பத்து அலையாத்தி விதை அவன் கையாலயே ஊனணும். விதைப் பறியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு முழங்கால் சேத்துல நின்னு ஊனுனான். போறவன் வாரவனெல்லாம், "மந்திரியாரே, சௌக்கியமா?"ன்னு கேப்பான். "ம்ம்ம்"பான் மந்திரி.

காத்தாயி, புள்ளைங்க கேட்டப்பல்லாம் இறால் ஆக்கிப் போட்டா.

ஒருத்தரைக் கேள்வி கேட்டா மட்டும் பத்தாதுடா, பதில் சொல்ல அவங்க வாய்க்கு நேரம் குடுக்கணும். சரி, கதை வத்திருச்சு, சட்டி நிறைஞ்சிருச்சு, எந்திரிச்சுப் போயி கையைக் கழுவுங்க.