புரவலர் இன்னும் வரவில்லை

வேலாங்காட்டு அறச்சாலையில் குருவுக்கு வயது நாற்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்தெட்டு. குருவை ஊரார் சாமியம்மா என்று அழைத்தார்கள். சீடரைச் சாமியம்மா வடிவக்கா என்று அழைத்தார். வடிவாம்பாள் இரயில்வே அலுவலகத்தில் கண்காணிப்பாளராக முப்பத்துமூன்று ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். காலம் தவறுவதையும் பொய் சொல்வதையும் ஒரே குற்றமாகக் கருதியவர்.

அந்த அறச்சாலையில் தியான மண்டபம் இல்லை. மைதானம் இருந்தது. ஆண்டுதோறும் பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுமியருக்கான வளையப்பந்துப் போட்டி அங்கே நடைபெறும். வலைக்கு இருபுறமும் நின்று ஓர் இரப்பர் வளையத்தை எறிவதும் அதை ஒற்றைக் கையால் பிடிப்பதுமே ஆட்டம். இவ்வாண்டு நான்கு மாவட்டங்களிலிருந்து நாற்பது அணிகள் வந்திருந்தன. தன்னார்வலர்கள் அறுபது பேர். புரவலர் ஒருவர், அவர் நூற்பாலை அதிபர் மயில்வாகனனார்.

போட்டியின் செயலாளர் வடிவாம்பாள். இரண்டு மாதம் உட்கார்ந்து அவர் வகுத்த அட்டவணையில் ஒரு நிமிடம்கூடச் சோம்பியிருக்கவில்லை. எட்டு மணிக்குத் தொடக்க விழா, எட்டரைக்கு முதல் விசில், மாலை ஐந்தரைக்கு இறுதியாட்டம். மைதானத்தில் விளக்குகள் இல்லை. பிள்ளைகள் பொழுது சாய்வதற்குள் பேருந்து ஏறியாக வேண்டும். ஆகவே ஒன்பதரைக்குள் ஆட்டம் தொடங்காவிட்டால் காலிறுதி ஆட்டங்களுக்கு நேரமிராது. யார் வென்றார் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க நேரும். ஓராண்டு முழுதும் பயிற்சி செய்த பிள்ளையின் தலையெழுத்து ஒரு துண்டுக் காகிதத்தில் போய் முடியும்.

மணி ஒன்பதாயிற்று. முதல் விசில் ஒலிக்கவில்லை.

மேடைக்கு எதிரே இருநூற்று நாற்பது சிறுமியர் பத்து வரிசைகளில் வெயிலில் நின்றிருந்தார்கள். மேடையில், சாமியானாவின் நிழலில், முதுகில் வெள்ளைத் துண்டு விரித்த உயரமான நாற்காலி ஒன்று ஆளில்லாமல் இருந்தது.

வடிவாம்பாள் மைக்கைப் பிடித்தார்.

"மாணவியர் கவனத்திற்கு. புரவலர் அவர்கள் வந்துகொண்டிருக்கிறார். வரிசை கலையக் கூடாது. யாரும் அசையக் கூடாது."

கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி அதை மைதானத்தின் நான்கு மூலைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு அவர் மைக்கை அணைத்துவிட்டுப் புரவலரின் மேலாளரைக் கைப்பேசியில் அழைத்தார்.

"ஐயா கிளம்பிட்டாருங்களா?"

"கிளம்பிட்டாருங்கம்மா."

"எங்கே வந்துட்டிருக்காரு?"

"குளியலறையிலிருந்து வெளியே வந்துட்டிருக்காருங்க."

பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற பால் வண்டி ஓட்டுநர் செங்கோடன் வாய்விட்டுச் சிரித்தார். அவரும் தன்னார்வலர்தாம்.

"அப்போ பாதித் தூரம் தாண்டிட்டாருங்க அக்கா. இனிச் சட்டைதான் பாக்கி."

"சிரிக்கிற நேரமா இது?"

"அழுதா வெயில் குறையுமுங்களா? நம்ம நாதஸ்வரக்காரரை முதல்ல உட்காரச் சொல்லுங்க. நாலாவது தடவையா வரவேற்பு வாசிக்கிறாரு. ஐயா வர்றப்போ அவருக்கு மூச்சு மிஞ்சாது."

வடிவாம்பாளுக்கு நெஞ்சு கொதித்தது. நிகழ்ச்சித் தாள்கள் அடங்கிய கோப்பினை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மேடையை விட்டு இறங்கி, சமையற்கொட்டகையை நோக்கி விரைந்தார்.

அங்கே சாமியம்மா ஓர் அண்டா நீர்மோரில் உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"சாமியம்மா, இது அநியாயம்."

"உப்பு பார்த்துச் சொல்லுங்க அக்கா."

"உப்பா? ஒரு மணி நேரமாப் பிள்ளைங்க வெயில்ல நிக்குது. அந்த மனுஷன் இன்னும் தலை துவட்டிக்கிட்டிருக்காரு."

சாமியம்மா கரண்டியை வைத்தார். வடிவாம்பாள் நிறுத்தவில்லை.

"நுழைவாயில் வளைவுல அவர் படம் பத்தடி உயரம். விளையாட வந்த ஒரு பிள்ளை பேருகூட அதுல இல்லை. பொறுத்துக்கிட்டேன். பனியன்ல ஆலை பேரு நெஞ்சு முழுக்க. எண் எழுத இடமில்லாம முதுகுல ஒரு மூலையில ஒட்ட வெச்சேன். அதையும் பொறுத்துக்கிட்டேன். பொன்னாடை அரக்கு நிறமா இருக்கணும், நாற்காலி மத்தவங்களோடதை விட அரையடி உயரமா இருக்கணும்னு கடிதம் எழுதினாரு. எல்லாத்தையும் செஞ்சேன். வலையும் வளையமும் வாங்கிக் கொடுத்தாருங்கிறதுக்காக இந்தப் பிள்ளைங்களோட காலையையுமா வாங்கிட்டாரு?"

"இப்போ என்ன செய்யணும் அக்கா?"

"நீங்க அவரைக் கூப்பிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும். இத்தனை அநியாயத்தைப் பார்த்துக்கிட்டு நாம சும்மா இருக்கலாமா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"இருக்கக் கூடாது" என்றார் சாமியம்மா.

கையைக் கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டார். வெளியே நடந்தார். வடிவாம்பாள் நிம்மதியோடு பின்தொடர்ந்தார். கைப்பேசி மேடையில் இருந்தது. ஆனால் சாமியம்மா மேடைப் பக்கம் போகவில்லை. மைதானத்தைச் சுற்றி வந்து, ஏழாவது வரிசையின் கடைசிச் சிறுமிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கைகளை உடலோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அசையவில்லை.

மைதானமே ஒரு கணம் திகைத்தது. தன்னார்வலர் ஒருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். இன்னொருவர் குடையோடு வந்தார்.

"வேண்டாம் தம்பி. வரிசை கலையக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார் சாமியம்மா.

"உங்களுக்கு யாருங்க சொன்னது? அது பிள்ளைங்களுக்குங்க."

"நிக்கிற எல்லாருக்கும்தானே கேட்டுது."

நாற்காலியும் குடையும் வந்த வழியே திரும்பின.

வடிவாம்பாள் தவித்தார். குருவைக் கையைப் பிடித்து இழுக்க முடியாது. குரு வெயிலில் நிற்க, தாம் நிழலுக்குப் போகவும் முடியாது. வேறு வழியின்றி, அந்தச் சிறுமிக்கும் சாமியம்மாவுக்கும் இடையே இருந்த இடைவெளியில் தாமும் நின்றார்.

முதல் நிமிடத்தில் சினம் மட்டுமே இருந்தது. இரண்டாம் நிமிடத்தில் உச்சந்தலை சுட்டது. ஐந்தாம் நிமிடத்தில் செருப்பையும் மீறித் தரையின் சூடு காலைத் தொட்டது. எதிரே நின்ற சிறுமியின் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. ஒட்டிய எண் ஒருபக்கம் பிய்ந்து தொங்கியது. பின்னங்கழுத்தில் வியர்வை காய்ந்து வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. அங்கிருந்து பார்க்கையில் மேடையில் நிற்பவர் முகம் எதுவும் துலங்கவில்லை. சாமியானாவின் கருநிழலும், உயர்ந்த நாற்காலியும், மைக்குக் கம்பியும் மட்டுமே தெரிந்தன. இரண்டு மாத உழைப்பில் அவர் இந்த இடத்திலிருந்து அந்த மேடையைப் பார்த்ததே இல்லை.

சிறுமி தலையைத் திருப்பாமல், உதட்டோரமாய்ப் பேசினாள்.

"டீச்சர்."

"என்ன கண்ணு?"

"ஒன்னுக்குப் போகணுங்க. ரொம்ப நேரமா அடக்கிக்கிட்டு நிக்கறேனுங்க."

"போயிட்டு வர்றதுதானே?"

"அசையக் கூடாதுன்னு அந்த டீச்சர் மைக்குல சொன்னாங்களே."

வடிவாம்பாள் மேடையிலிருந்த மைக்கைப் பார்த்தார்.

"எந்த டீச்சர்?"

"மூஞ்சி தெரியலீங்க. குரல்தான் வருது. எங்க கணக்கு டீச்சரே தேவலைங்க. நீங்க பெரியவங்க, நீங்க போய்க் கேட்டா விடுவாங்களா?"

வரிசையில் இரண்டு மூன்று பிள்ளைகள் அடக்கிய சிரிப்பில் குலுங்கினார்கள். சாமியம்மா நேரே மேடையைப் பார்த்தபடி நின்றார்.

"நீ போ கண்ணு. கொட்டகைக்குப் பின்னால இருக்கு."

"அவங்க திட்டினா?"

"திட்ட மாட்டாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

வடிவாம்பாள் அவள் தோளைத் தொட்டுக் கொட்டகைப் பக்கம் திருப்பினார். "போ" என்று மட்டும் சொன்னார். சிறுமி குனிந்து, யார் கண்ணிலும் படாமல் ஓட முயல்பவளைப்போல் ஓடினாள்.

அவள் மறைந்ததும் அடங்கியிருந்த சினம் இருமடங்காய்த் திரும்பி வந்தது.

"பார்த்தீங்களா சாமியம்மா? அந்த ஒரு மனுஷனால இந்தப் பச்சைப் பிள்ளைக்கு எவ்வளவு அவஸ்தை!"

"பிள்ளைங்களை நிக்க வைக்கச் சொல்லி அவர் சொன்னாரா அக்கா?"

"சொல்லணுமா? புரவலர் வராம எந்த ஊர்ல விழா தொடங்கியிருக்கு? வழக்கம் அதுதானே?"

"அவர் சொன்னாரா?"

வடிவாம்பாள் கோப்பைத் திறந்தார். திறக்க வேண்டிய தேவையே இல்லை. அதிலுள்ள ஒவ்வொரு வரியும் அவருக்கு மனப்பாடம். புரவலரின் கடிதத்தில் பதினொரு நிபந்தனைகள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் சினத்தோடு சிவப்பு மையில் கோடிட்டிருந்தார். படத்தின் உயரம் இருந்தது. பொன்னாடையின் நிறம் இருந்தது. நாற்காலியின் அளவு இருந்தது. தாம் வரும் வரை ஆட்டம் தொடங்கக் கூடாது என்று எங்கும் இல்லை. பிள்ளைகள் நிற்க வேண்டும் என்றும் இல்லை.

அடுத்த தாள் நிகழ்ச்சி நிரல். அதன் மூன்றாவது வரி சீரான கையெழுத்தில் இருந்தது: 'புரவலர் வருகைதரும் வரை மாணவியர் அணிவகுத்து நிற்றல்.'

அந்தக் கையெழுத்து அவருடையது.

வடிவாம்பாள் கோப்பை மூடினார். வரிசைகளைக் கடந்து மேடைக்குப் போனார். அவர் ஒவ்வொரு வரிசையைக் கடந்தபோதும் பிள்ளைகள் இன்னும் நிமிர்ந்து நின்றார்கள்.

மைக்கைப் போட்டார்.

"பிள்ளைகளா, நிழலுக்குப் போங்க. மோர் இருக்கு. குடிங்க. யாருக்கு எங்கே போகணுமோ போயிட்டு வாங்க. ஒன்பதரைக்கு முதல் விசில்."

யாரும் நகரவில்லை. அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை.

"நான்தான் சொல்றேன். போங்க."

வரிசைகள் உடைந்தன. இருநூற்று நாற்பது பிள்ளைகளின் கூச்சல் ஒருசேர எழுந்தது. செங்கோடன் மோர் அண்டாவோடு எதிரே ஓடினார்.

வடிவாம்பாள் நிகழ்ச்சி நிரலை மேசைமேல் விரித்து, வரவேற்புரை, வாழ்த்துரை, புரவலர் உரை, நன்றியுரை ஆகிய நான்கையும் ஒரே கோட்டில் அடித்தார். நான்குக்கும் சேர்த்து அரை மணி நேரம். அது மிஞ்சியதால் ஒன்பதரைக்கே ஆட்டத்தைத் தொடங்கலாம். காலிறுதிக்குச் சீட்டு வேண்டியதில்லை.

"அக்கா, ஐயா வந்து கேட்டா?" என்றார் செங்கோடன், மோர்க்குவளையை அவரிடம் நீட்டியபடி.

"முதல்ல வரட்டும்" என்றார் வடிவாம்பாள். குரலில் இன்னும் சூடு இருந்தது.

எட்டு ஆடுகளங்களிலும் விசில் ஒலித்தது. வளையங்கள் வலைக்கு மேலே போய் வந்தன. நாதஸ்வரக்காரர் கருவியை உறையிலிட்டுவிட்டு, மூன்றாம் களத்தருகே உட்கார்ந்து, ஆட்டத்தைப் பார்த்துத் தொடையில் தாளம் போட்டார். மேடைமேல் இருந்த உயரமான நாற்காலியில், காலில் சுளுக்குப் பிடித்த சிறுமி ஒருத்தியை உட்காரவைத்து, தையற்கடைக் கமலவேணி எண்ணெய் தேய்த்தாள்.

பத்தே முக்காலுக்கு வளைவின் கீழே கார் வந்து நின்றது. முன்னிருக்கையிலிருந்து மேலாளர் இறங்கி, மேளச் சத்தத்தைத் தேடுபவரைப்போல் நாற்புறமும் பார்த்தார்.

வடிவாம்பாள் ஆறாம் களத்துக்கு ஓடினார். அங்கே சாமியம்மா தளர்ந்த வலைக்கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சாமியம்மா, வந்துட்டாரு."

"வரட்டும்."

"தான் வர்றதுக்கு முன்னாலே ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னது யாருன்னு கேப்பாரு. எல்லார் முன்னாலேயும் கேப்பாரு. நான் என்ன பதில் சொல்ல?"

"உங்க பேரையே சொல்லுங்க. அது சுலபம்."

சாமியம்மா முடிச்சை இறுக்கினார். கயிற்றைச் சுண்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சீடரின் முகத்தைப் பார்த்தார்.

"அதுவரைக்கும் பிள்ளைங்களை நிக்க வெச்சது யாருன்னு கேட்டா, என்ன சொல்வீங்க அக்கா?"

கார்க் கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது. வடிவாம்பாள், தம் கையெழுத்திலிருந்த நிகழ்ச்சி நிரலை எடுக்க மேடைக்கு நடந்தார்.