தலை என்று போட்ட முட்டை

ஓவிய வாத்தியார் கோதண்டத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குரு செங்கமலத் தாய்க்கு நாற்பதுகூட ஆகவில்லை. பாசி எடுக்கக் கடலில் முங்கிக்கொண்டிருந்தவள், ஒருநாள் கரையேறிக் குடிசை போட்டு அமர்ந்துவிட்டாள். கேள்வி உள்ளவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். வாத்தியாருக்குக் கேள்விக்கு எப்போதும் பஞ்சமில்லை.

அன்று காலை மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“தாயே, நாளைக்குப் பள்ளிக்கூடத்துல அறிவியல் கண்காட்சி. வேற்றுக்கிரகவாசியைச் சுவர் முழுக்க வரையறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். ‘நம்மளை மாதிரி இருக்குமா சார்?’னு பிள்ளைங்க துளைச்செடுக்குதுங்க. முப்பது வருசத்துல எந்தப் பிள்ளைகிட்டயும் தெரியாதுன்னு நான் சொன்னதே இல்லை!”

“என்ன வரைஞ்சிருக்கீங்க?”

பன்னிரண்டு தாள்களை மணலில் பரப்பினார். ஒன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்றுக்கு மூன்று கண். எல்லாவற்றிலும் மேலே ஒரு முட்டை, அதன் நடுவே ஒரு கோடு. ஆறாம் வகுப்பில் முதல் நாள் அவர் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். முட்டை போடு, அது தலை. மற்றதெல்லாம் அப்புறம்.

தாய் அவரைக் குடிசைக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டிக்கு அழைத்துப் போனாள். பாசிக்காரப் பெண்கள் கொடுத்த பேய்க்கணவாய் என்ற ஆக்டோபஸ் ஒன்று அதில் நாலைந்து நாளாகக் கிடந்தது. நண்டு ஒன்றைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, மூடியைத் திருகி, உள்ளே இறக்கினாள்.

எட்டுக் கைகள் புட்டியைச் சுற்றிக்கொண்டன. மூடி மெல்லச் சுழன்று கழன்றது. நண்டைக் காணோம்.

வாத்தியார் துள்ளிக் குதித்தார். “திருகுது தாயே! அறிவு இருக்கு! இதுக்கு அறிவு இருக்கு!”

“வரைங்க.”

பென்சில் பறந்தது. முட்டை. நடுக்கோடு. கீழே எட்டுக் கைகள்.

தாய் முட்டையைத் தொட்டாள். “இது என்ன?”

“தலை.”

“வயிறு, வாத்தியாரே. அறுத்துப் பார்த்தவ சொல்றேன். குடலும் மூணு இதயமும் அதுக்குள்ளதான் இருக்கு. கை முளைக்கிற இடத்துலதான் தலை.”

வாத்தியார் குனிந்து பார்த்தார். கைகள் முளைக்கும் இடத்திலிருந்து ஒரு கண் அவரைப் பார்த்தது.

“நம்ம கடல்ல இருக்கறதுக்கே தலை எது, வயிறு எதுன்னு எனக்குத் தெரியலையே! அப்ப அங்க இருக்கறது...” என்று கைகொட்டிச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

“எனக்கு முட்டையில தொடங்கத்தான் தெரியும் தாயே. சாயங்காலத்துக்குள்ள சுவர் முடியணும். நான் என்ன பண்றது?”

தாய் பேய்க்கணவாயை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு கடலை நோக்கி நடந்தாள். வாத்தியார் பின்னாலேயே ஓடினார். அலையில் அதை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

“ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு முட்டை போடச் சொல்லிக்குடுத்துட்டீங்களா?”

“இன்னும் இல்லை தாயே. ஆறாம் வகுப்புக்கு வந்தாத்தான்.”

“அப்ப, ‘சாருக்குத் தெரியாது’ன்னு சொல்லிட்டு, சாக்பீஸை அவங்க கையில குடுங்க.”