வசம்புப் பொட்டு

குளக்கரையில் ஒரு மருத மரம். அதன் பொந்தில் வெள்ளச்சி என்கிற அணில் தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது.

ஒருநாள் மரத்தடியில் ஒரு புற்று முளைத்தது. கட்டைவிரல் உயரம்தான். "இத்தனூண்டு வீடு அக்கா, ஓரமா இருந்துக்கறோம்!" என்றது கறையான் ராணி. வெள்ளச்சியும் சரி என்றுவிட்டது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குத் தாகம் எடுத்தாலும் உடம்பிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். பெருச்சாளிகள் அதை மோப்பம் பிடித்து, குளத்திலிருந்து அந்த இடத்துக்கு வாய்க்கால் வெட்டிவிடும். யாருக்கு, எதற்கு என்று கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாம்!

ராணி இதைத் தெரிந்துகொண்டது. கறையான்களை வரிசையாக நிறுத்தி, "ம், எல்லாரும் தாகமாயிருங்க!" என்றது. வாசனை குப்பென்று கிளம்பியது. பெருச்சாளித் தலைவர் தொந்தியப்பன் மூக்கை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். வாய்க்காலுக்கு மேல் வாய்க்கால் வந்தது. மண் குழைந்தது. புற்று மான் உயரத்துக்கு எழும்பியது. கறையான்கள் ஈரமண்ணால் தண்டின்மேல் பாதை கட்டி, மரத்தைத் தின்றுகொண்டே ஏறின. பொந்துக்கு இன்னும் நாலு முழம்தான்!

வெள்ளச்சி அலறிக்கொண்டு ஓடியது. "ஐயா, அங்க வெட்டாதீங்க! என் குட்டிங்களோட வீடு விழுந்துடும்!"

"என்னம்மா பேச்சு இது? தாகம்னு வந்தா தண்ணி குடுக்கணும். என் மூக்கு சொல்லியாச்சு. அதுக்கு மேல அப்பீல் கிடையாது!" என்றார் தொந்தியப்பன்.

கரடி சடையன் கேட்டுக்கொண்டிருந்தது. "இதுக்கா அழற? ஒரே அறை!" என்று புற்றை உடைத்தது. புற்று தூள்! ஆனால் உள்ளேயிருந்து ஈசல்கள் பறந்து போய் நாலு இடத்தில் இறங்கின. சில நாளில் அங்கெல்லாம் குட்டிப் புற்றுகள். பழைய புற்றும் மறுபடி எழும்பிவிட்டது.

"நல்லா இருங்கண்ணே! ஒண்ணை அஞ்சாக்கிட்டீங்க!" என்றது வெள்ளச்சி. கரடி தலையைச் சொறிந்துகொண்டு நழுவியது.

அப்போதுதான் அது நடந்தது. பலாப்பழத்தை முழுசாகத் தின்ற தொந்தியப்பனுக்கு வயிறு உப்பிவிட்டது. வயிற்றுக்கு நல்லதாயிற்றே என்று குளத்தோரம் வளர்ந்திருந்த வசம்புக் கிழங்கைத் தோண்டிக் கடித்தார். காரசாரமான வாசம் மூக்கில் ஏறியது. அவர் நேராகப் புற்றைத் தாண்டிப் போனார். நிற்கவே இல்லை!

"மாமா, இங்கதான் நாங்க! தாகம், தாகம்!" என்று கத்தியது ராணி.

"வாசனையே இல்லையே! சும்மா விளையாடாதம்மா!" என்று தொந்தியப்பன் போய்விட்டார்.

மேலேயிருந்து பார்த்த வெள்ளச்சிக்குப் பொறி தட்டியது. வசம்பை உரைத்து எடுத்துக்கொண்டு பெருச்சாளிகளிடம் போனது.

"ஐயா, உங்க தொந்தி மேல ஊர்க் கண்ணே பட்டிருக்கு. மூக்கு நுனியில ஒரு வசம்புப் பொட்டு வெச்சா திருஷ்டி போயிடும்!"

"அப்படியா? பெரிசாவே வை!" என்றார் தொந்தியப்பன். மற்றவையும் வரிசையில் நின்றன.

அன்றிலிருந்து புதிய வாய்க்கால் ஒன்றுகூட வெட்டப்படவில்லை. பழையவற்றைக் காற்றில் வந்த மணல் தூர்த்தது. மண் காய்ந்தது. தண்டின்மேல் இருந்த பாதைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஐந்து புற்றுகளும் சுருங்கின. வெள்ளச்சி வாலைத் தூக்கிக்கொண்டு ஆடியது.

ஆட்டம் பாதியில் நின்றது. புதருக்குள்ளிருந்து ஒரு முனகல். கன்று ஈன்ற புள்ளிமான், எழ முடியாமல் நாக்கு வறண்டு கிடந்தது. "காலையிலேர்ந்து தாகத்துல தவிக்கிறேன். ஒருத்தரும் வரலியே!" என்றது மான்.

வெள்ளச்சிக்குத் திக்கென்றது. ஓடிப்போய்த் தொந்தியப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. "திருஷ்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல ஐயா. உங்க மூக்கை மறைக்கத்தான் வெச்சேன். மான் சாகக் கிடக்குது. பொட்டை அழிச்சிடுங்க!"

தொந்தியப்பன் முறைத்தார். பிறகு மூக்கைப் புல்லில் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் மானின் வாய்க்குத் தண்ணீர் வந்தது. குடித்த மான் கன்றை நக்கிக்கொடுத்தது.

"ஏமாத்துக்காரி! அத்தனை பேர் மூக்குக்கும் ஒரே பொட்டா?" என்றார் தொந்தியப்பன். ஆனால் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இனிமே புத்துப் பக்கம் போறவனுக்கு மட்டும் பொட்டு. மத்தவன் மூக்கு சும்மா இருக்கட்டும். என்ன?"

"உத்தரவு ஐயா!"

புற்றுகள் அழிந்துபோகவில்லை. முழங்கால் உயரத்தில் அடங்கிக் கிடந்தன. அணில்குட்டிகள் மரத்திலிருந்து இறங்கி அவற்றின் மேலேயே சறுக்கு விளையாடின. "எங்க வீட்டு மேல ஏறாதீங்க!" என்று உள்ளேயிருந்து ராணி கத்தியது. குட்டிகள் இன்னும் வேகமாகச் சறுக்கின.

தீயதை உடைத்துச் சிதறவிடாமல் அதற்குத் தீனி போகும் வழியை அடைப்பதே அறிவு. ஆனால் அடைக்கும்போது, நல்லவருக்குப் போகும் வழி திறந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.