ஒரு பக்கம் எழுத ஆகும் நேரம்

ஒரே கட்சி ஆண்ட நாற்பது வருடத்தில் அந்தக் கிழக்கு ஐரோப்பிய நாட்டின் ரகசியப் போலீஸ் எத்தனை பேரை விழுங்கியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆட்சி கவிழ்ந்ததும் அதைத் தோண்டி எடுத்துப் புத்தகமாக்கக் கிளம்பினாள் ஹெட்விகா என்ற சரித்திரப் பேராசிரியை. துணிச்சல் என்றால் அப்படி ஒரு துணிச்சல். பழைய அதிகாரிகள் மிரட்டிக் கடிதம் போட்டால், தேதி குறித்து, எண் கொடுத்து, அதையும் கோப்பில் சேர்த்துவிடுவாள்.

பழைய போலீஸ் கோப்புகளைப் படிக்க அவளிடம் பாடம் கேட்டவர் லூபோர். அவளைவிட இருபது வயது மூத்தவர், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். சின்ன வயதில் போலீஸ் தூக்கிக்கொண்டு போன தன் அப்பாவின் கோப்பைத் தேடித்தான் அவர் வந்தார். அவர் அதைச் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

மூன்றாம் வருடம் ஒரு காலையில் கோப்பு அகப்பட்டது. லூபோர் அதை அவள் மேஜைமேல் வைத்தார்.

"அப்பா மூணு சிநேகிதர்களைக் காட்டிக் கொடுத்திருக்காரும்மா. மூணு பேரையும் சுட்டுட்டாங்க."

ஹெட்விகா படித்தாள். ஒரே ஒரு பக்க வாக்குமூலம்.

"ஆமா, அவர் கையெழுத்துதான்."

"சொல்லுங்க. என் அப்பா துரோகியா?"

அவள் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள்.

"இதைப் பார்த்து அப்படியே எழுதுங்க. கடிகாரத்தையும் பார்த்துக்குங்க."

லூபோருக்கு எரிச்சல் வந்தது. இருந்தாலும் உட்கார்ந்தார். சிநேகிதர்களின் பெயர் வந்த இடத்தில் கை ஓடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்தார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பன்னிரண்டு நிமிஷம்."

"அவரை விசாரணை அறைக்குள்ள கொண்டுபோனது எப்ப? மேலே போட்டிருக்கு பாருங்க."

"திங்கக்கிழமை காலை ஒன்பது மணி."

"கையெழுத்து வாங்கினது?"

ஆயுள் முழுக்க வண்டி வந்த நேரத்தையும் போன நேரத்தையும் குறித்தே பிழைத்த மனிதர். அவர் கண்ணிலேயே இது படவில்லை. அப்பாவின் கையெழுத்தை மட்டும்தான் பார்த்திருந்தார், பாவம்.

"புதன்கிழமை... சாயங்காலம் நாலு மணி," என்றார். 

தாளிலிருந்து நிமிர்ந்து, "இந்தப் பக்கத்தை விட்டுடலாமா?" என்று கேட்டார்.

"ஒரு எழுத்தைக்கூட விட மாட்டேன். புத்தகத்துல வரும். செத்துப்போன அந்த மூணு பேருக்கும் பிள்ளைங்க இருக்காங்க."

லூபோர் தலை குனிந்தார். அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"ஐயா, உங்க ஸ்டேஷனுக்குப் பன்னிரண்டு நிமிஷத்துல வரவேண்டிய வண்டி மூணாம் நாள் வந்து நின்னா, யாரைக் கூப்பிட்டு விசாரிப்பீங்க? நடுங்கிக்கிட்டு இறங்கின பயணியையா?"

லூபோர் கோப்பைத் தன் பக்கம் இழுத்து, அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே இருந்த விசாரணை அதிகாரியின் கையெழுத்தை முதல்முறையாகப் படித்தார்.