ராஜா மென்ற பச்சரிசி

வெகுகாலத்துக்கு முன்பு கொன்றைநாட்டைச் சேதிராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். சரியான சந்தேகப் பிராணி. தன் நிழலைப் பார்த்தே, "உன்னை யார் அனுப்பியது?" என்று கேட்பார். அப்பேர்ப்பட்டவர் தயங்காமல் கழுத்தை நீட்டுவது நாவிதர் மாசிலாமணியின் கத்திக்கு மட்டும்தான். அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவர் பொக்கிஷக் காவலர் விருபாட்சர்.

ஒருநாள் ராஜா சவரத்துக்காகக் கழற்றி வைத்த முத்திரை மோதிரம் காணாமல் போயிற்று. விருபாட்சர் மாசிலாமணியைக் கைகாட்டினார். உடனே சபையில் பச்சரிசிச் சோதனைக்கு ஏற்பாடாயிற்று. திருடன் மென்றால் அரிசி நனையாது என்பது அந்த நாட்டு நம்பிக்கை.

பாவம் மாசிலாமணி! தோற்றால் வலது கை போய்விடும். கை போனால் பிழைப்பு ஏது? நெஞ்சு படபடக்க மென்றார். துப்பியபோது அரிசி காய்ந்த மாவாக உதிர்ந்தது.

"வெட்டுங்கள் கையை!" என்றார் ராஜா.

"கொஞ்சம் பொறுங்கள், மகாராஜா. தாங்களும் ஒரு பிடி மென்று பாருங்களேன்" என்றார் மந்திரி பொன்னம்பலம்.

ராஜா வாயில் போட்டார். போட்டதுமே, 'இதில் விஷம் இருந்தால்?' என்று தோன்றிவிட்டது. துப்பினார். அதுவும் மாவு!

"தங்கள் மோதிரத்தைத் தாங்களே திருடிவிட்டீர்களா, மகாராஜா?"

சிரிப்பை அடக்கச் சபை படாத பாடு பட்டது.

"பயந்தால் யாருக்கும் வாய் வறளும். நம் அரண்மனைக் குழல்காரர் நீலாம்பரி ராகம் வாசிக்கட்டும். அதைக் கேட்டால் நல்லவன் வாய் ஊறும், திருடன் வாய் ஊறாது. எல்லோரும் மெல்லுங்கள்!" என்றார் மந்திரி.

'இதில் என்ன பொறியோ?' என்று மாசிலாமணிக்குச் சந்தேகம். ஆனால் ராகம் இழைய இழைய மூச்சு சீராயிற்று, தோள் தளர்ந்தது, நாக்கில் ஈரம் ஊறியது. துப்பினார். அரிசி கூழாக விழுந்தது! அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ராஜா துப்பியதும் கூழ்தான்.

கடைசியாக விருபாட்சர் துப்பினார். நல்ல ஈரம். ஆனால் செக்கச்செவேல் என்று இருந்தது.

"குழல் கேட்டால் வாய் ஊறும், காவலரே. சிவக்குமா?" என்றார் மந்திரி. "யாருக்கும் தெரியாமல் வெற்றிலையை எதற்கு அடக்கிக்கொண்டீர்? மகாராஜா, குழலுக்குத் திருடனைத் தெரியாது, படபடப்பைத் தணிக்கத்தான் தெரியும். மற்றதெல்லாம் நான் கட்டிவிட்ட கதை."

விருபாட்சரின் மடியிலிருந்து மோதிரம் வந்தது. மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. விருபாட்சருக்குப் பதவியும் போய், மாசிலாமணி கையாலேயே மொட்டையும் ஆயிற்று.

மறுநாள் காலை ராஜா வழக்கம்போலக் கழுத்தை நீட்டினார். மாசிலாமணி கத்தியைத் தீட்டிக்கொண்டு குனிந்தார். நேற்று வெட்டச் சொன்னது இந்தக் கையைத்தான் என்று இப்போதுதான் ராஜாவுக்கு உறைத்தது.

"யாரங்கே! குழல்காரரைக் கூப்பிடுங்கள், சீக்கிரம்!"